ஓராண்டு எம்.எஸ்.: செப்டம்பர் கேரியர் ஃபேருக்கு எதை எடுத்துப் போவீர்கள்?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 27 வயது. மூன்றரை வருடமாக ஒரு ஐ.டி. சேவை நிறுவனத்தில் புரொடக்‌ஷன் சப்போர்ட்டில் இருக்கிறேன். கிளையன்ட் ஓர் அமெரிக்க வங்கி. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட்டில் வகுப்பு தொடங்குகிறது, 12 மாதத்தில் முடிக்கலாம். அதையே 16 மாதமாகவும் எடுக்கலாம், கட்டணம் ஒன்றுதான். ஆனால் கூடுதலாக நாலு மாதம் தங்க 6,000 டாலர் ஆகும் என்பதால் 12 மாதமே போதும் என்று நினைக்கிறேன். ஒரு வருடத்தில் முடித்த வெளிநாட்டு மாணவருக்கு அங்கே வேலை கிடைக்கிறதா? ஒரு வருடம் என்றால் பட்டத்துக்கு மதிப்புக் குறைவா? நண்பர்கள் இப்போது போகாதே என்கிறார்கள். கடன் வாங்கித்தான் போகிறேன். என் மனைவியும் ஐ.டி.யில் இருக்கிறாள், அவளும் கூட வருவாள். என் வேலையில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, டிக்கெட், அதாவது கோளாறுப் புகார், மூடுகிற வேலைதான். இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும் ஒரு பேட்ச் (மொத்தமாகச் செய்யும் கணினி வேலை) அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது, அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மதிப்புக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சான்றிதழில் எம்.எஸ். என்றுதான் இருக்கும், எத்தனை மாதத்தில் வாங்கினீர்கள் என்று அச்சடிப்பதில்லை. ஆள் எடுக்கும் கூட்டங்களில் யாரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நிறுவனம் மனு போட்டு வாங்கித் தரும் எச்-1பி வேலை விசாவில் அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கென்று ஒதுக்கியிருக்கும் 20,000 இடங்களுக்கும் மாதக் கணக்கு கிடையாது. கல்லூரி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், அரசுக் கல்லூரியாகவோ லாப நோக்கமில்லாததாகவோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். 12 மாதத்தில் முடிப்பவர் இழப்பது ஒரு கோடைக்காலத்தை. அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது கையில் என்ன கொண்டு வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நான் 2007 ஆகஸ்ட்டில் இதே மாதிரி ஒரு வருடப் படிப்புக்கு வந்தவள். இப்போது ஓஹையோவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் தரவுக் குழு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். வருடத்தில் இரண்டு மூன்று பேரை எடுக்கிறோம், ரெஸ்யூமேக்களை நானே உட்கார்ந்து படிக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வந்து இறங்குவீர்கள். வீடு, வங்கிக் கணக்கு, போன் எண் என்று பத்து நாள் ஓடிவிடும். செப்டம்பரில் கேரியர் ஃபேர், அதாவது நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து மேசை போட்டு ஆள் தேடும் நாள். பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடையில் சேர வேண்டிய புது ஆட்களைச் செப்டம்பர், அக்டோபரிலேயே தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடுகின்றன. அதாவது நீங்கள் மூன்று வாரம்தான் வகுப்புக்குப் போயிருப்பீர்கள், முதல் தேர்வுகூட வந்திருக்காது, அதற்குள் முக்கியமான வேலைச் சந்தை நடந்து முடியும். அந்தக் கூடத்துக்குள் போகும்போது இந்தப் படிப்பில் கற்ற எதுவும் உங்களிடம் இருக்காது. விமானம் ஏறும்போது இருந்ததுதான் இருக்கும். ஓராண்டுப் படிப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஹைன்ஸ் கல்லூரியில் இதே துறை எம்.எஸ்.ஸில் 12 மாதத் தடம், 16 மாதத் தடம் என்று இரண்டு உண்டு. 12 மாதத் தடம் ஏற்கெனவே சில வருடம் வேலை பார்த்தவர்களுக்கானது. நான் சொன்னதோடு அது பொருந்துகிறது.

ஒரு கேரியர் ஃபேரில் எங்கள் நிறுவன மேசைக்குப் பின்னால் நின்றிருந்தேன். பாஸ்கெட்பால் மைதானத்தில் விரிப்புப் போட்டு மேசை வரிசை போட்டிருந்தார்கள். ஒரு பையன் ரெஸ்யூமேயை நீட்டினான். மேல் பாதி முழுக்கக் கல்லூரி புராஜெக்ட்: வீட்டு விலையைக் கணிக்கும் மாடல், டைட்டானிக்கில் யார் பிழைப்பார்கள் என்று சொல்லும் மாடல். அன்றைக்கு அதே டைட்டானிக் எத்தனையாவது முறை என் மேசையில் மூழ்கியதோ தெரியவில்லை. இரண்டு நிமிடம் பேசினான், நன்றி சொல்லிவிட்டுப் போனான். மாலை தாள்களை அடுக்கும்போதுதான் அவனுடைய இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில், மருத்துவமனை பில்லிங் மென்பொருளில் நாலு வருடம் வேலை பார்த்ததாக ஒற்றை வரி. காப்பீட்டு நிறுவனத்தின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு அதை அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை. கூப்பிட்டுக் கேட்டால், "அது சப்போர்ட் வேலைதான் மேடம்" என்றான். அடுத்த சுற்றுக்கு அவனைச் சேர்த்தோம், அது வேறு கதை.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் அவன் ஞாபகம்தான் வந்தது. இரவு இரண்டு மணி பேட்ச், அதற்கு எழுதிய ஸ்கிரிப்ட், "அவ்வளவுதான்" என்று முடித்திருக்கிறீர்கள். நான் உங்களை நேர்காணல் செய்தால் முக்கால் மணி நேரமும் இதைப் பற்றியே கேட்பேன். அந்த பேட்ச் எதற்காக ஓடியது? வட்டி ஏற்றவா, கார்டு பரிவர்த்தனை கணக்குச் சரிபார்க்கவா? காலைக்குள் முடியாவிட்டால் வங்கியில் யாருக்கு என்ன நின்றுபோகும்? மாதத்தில் எத்தனை முறை விழுந்தது? விழுந்ததற்குக் காரணம் கோப்பு தாமதமாக வந்ததா, டேபிள் லாக் ஆனதா, வட்டில் இடம் இல்லாமல் போனதா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஸ்கிரிப்ட் வந்த பிறகு அழைப்பு எத்தனையாகக் குறைந்தது? நீங்கள் விடுப்பில் இருந்தபோதும் அது ஓடியதா?

இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் என்ற பாடமே இதுதான். வியாபாரத்தில் ஒரு வேலை நடக்க வேண்டும், அதை ஒரு கணினி அமைப்பு நடத்துகிறது, இரண்டும் எங்கே இடறுகின்றன என்று பார்ப்பது. நீங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே அதைச் செய்திருக்கிறீர்கள். உங்கள் ரெஸ்யூமேயில் இப்போது "எல்-2 சப்போர்ட் டிக்கெட்டுகளை எஸ்.எல்.ஏ.வுக்குள் (ஒப்பந்தக் கெடுவுக்குள்) தீர்த்தேன்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அதை எடுத்துவிடுங்கள். "வங்கிக் கிளைகள் திறக்கும் முன் முடிய வேண்டிய இரவுக் கணக்கு பேட்ச் மாதம் இத்தனை முறை நின்றது, காரணம் இது என்று கண்டுபிடித்துத் தானாகச் சரிசெய்யும் ஸ்கிரிப்ட் எழுதினேன், இரவு அழைப்பு இத்தனையில் இருந்து இத்தனையாகக் குறைந்தது" என்று உண்மையான எண்களைப் போட்டு எழுதுங்கள். எண்கள் இப்போது உங்கள் டிக்கெட் சிஸ்டத்தில் இருக்கின்றன. வேலையை விட்ட மறுநாள் லாகின் போய்விடும். கிளையன்ட் பெயரும் அவர்கள் தரவும் வேண்டாம், எண்ணிக்கைகளை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 12-ஆ 16-ஆ என்ற கணக்கு. நீங்கள் 6,000 டாலரைச் செலவுப் பக்கம் எழுதி அங்கேயே நிறுத்திவிட்டீர்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் படிக்கும்போதே வெளி நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய சி.பி.டி. என்ற அனுமதி வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு, அதாவது இரண்டு செமஸ்டர், முடித்த பிறகே அது கிடைக்கும். 16 மாதத் தடத்தில் ஆகஸ்ட்டில் சேர்ந்தால் அடுத்த மே மாதம் அந்தத் தகுதி வந்துவிடும். கோடையில் வகுப்பு இல்லை, இன்டர்ன்ஷிப் போகலாம், டிசம்பரில் பட்டம். 12 மாதத் தடத்தில் அந்தக் கோடை முழுக்க வகுப்பறையில் போகும். இன்டர்ன்ஷிப்பில் மணிக்கு 25 டாலர் என்று குறைவாகவே வைத்தாலும், வாரம் 40 மணி, பத்து வாரம் என்றால் 10,000 டாலர். வரி போனாலும் உங்கள் 6,000 திரும்பி வந்துவிடும். பணத்தைவிடப் பெரியது, பல நிறுவனங்கள் புது ஆட்களைத் தங்கள் இன்டர்ன்களில் இருந்துதான் முதலில் எடுக்கின்றன. தவிர, 16 மாதத்தில் உங்களுக்கு இரண்டு செப்டம்பர் கிடைக்கும். முதல் செப்டம்பரில் உளறினாலும் இரண்டாவது இருக்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 16 மாதத்தைத்தான் எடுப்பேன். இன்டர்ன்ஷிப் கிடைக்காமல் போகலாம், அந்த ஆபத்து உண்டு. அப்படியானாலும் 6,000 டாலருக்கு இன்னொரு கேரியர் ஃபேர் வாங்கியதாக வைத்துக்கொள்ளலாம். எட்டு பத்து வருட அனுபவத்தோடு வருபவருக்கு இதே யோசனையைச் சொல்லமாட்டேன். அவருக்கு 12 மாதம் போதும், இன்டர்ன்ஷிப் அவருக்கு ஒன்றும் புதிதாகச் சேர்க்காது.

விசா விஷயம். உங்கள் சேர்க்கைக் கடிதத்தைவிட முக்கியமானது, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆறு இலக்க சி.ஐ.பி. குறியீடு. படிப்பு முடிந்ததும் எல்லா எஃப்-1 மாணவருக்கும் 12 மாதம் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி உண்டு. பாடம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் இரண்டு வீட்டுப் பிள்ளை. சில பல்கலைக்கழகங்களில் கணினித் துறையில் இருக்கும், சிலவற்றில் வணிகப் பள்ளியில் இருக்கும். குறியீடு 11 என்று தொடங்கினால் பொதுவாகக் கவலை இல்லை, அது கணினி, தகவல் அறிவியல் குடும்பம். 52 என்று தொடங்கினால் அது வணிகக் குடும்பம், அதில் ஒரு சில குறியீடுகள் மட்டுமே ஸ்டெம் பட்டியலில் உள்ளன. பாடத்தின் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் குறியீட்டு எண்ணையே எழுதி வாங்குங்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்னால்.

இந்த எண் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், எச்-1பிக்கு நிறுவனம் உங்கள் பெயரைப் பதிவு செய்வது வருடத்துக்கு ஒரே முறை, மார்ச்சில். இடத்தைவிடப் பதிவு அதிகம் என்பதால் குலுக்கலில்தான் தேர்வு. ஆகஸ்ட்டில் முடிப்பவருக்கு ஸ்டெம் இருந்தால் கையில் மூன்று வருடம், அதில் மூன்று மார்ச். ஸ்டெம் இல்லையென்றால் ஒரே மார்ச். டிசம்பரில் முடித்தாலும் மூன்று மார்ச் வரும், ஆனால் முதலாவது நீங்கள் சேர்ந்து நாற்காலி சூடாவதற்குள் வந்துவிடும். அந்த வருடமே பதிவு செய்ய நிறுவனம் ஒப்புக்கொள்வது சந்தேகம், இன்டர்ன்ஷிப் செய்த இடமாக இருந்தால் வாய்ப்பு கூடும்.

மொத்த இடம் 85,000: பொதுவில் 65,000, முதுநிலைக்கு 20,000. 2025 மார்ச்சில் தகுதியான பதிவுகள் சுமார் 3,44,000, தேர்வானவை சுமார் 1,20,000 (தேர்வான எல்லோருக்கும் மனு போடப்படுவதில்லை என்பதால் இடங்களைவிடக் கூடுதலாகவே எடுப்பார்கள்). முந்தைய ஆண்டு தகுதியான பதிவே 4,70,000 இருந்தது. ஒரே ஆளுக்குப் பல நிறுவனங்கள் போட்டு வாய்ப்பைப் பெருக்கும் வித்தையை 2024-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் 2026-இல் இருந்து குலுக்கல் எல்லோருக்கும் சமம் இல்லை. தரப்போகும் சம்பளம் அந்தத் தொழிலுக்கு, அந்த ஊருக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, நாலாம் நிலைக்கு நாலு சீட்டு, மூன்றாம் நிலைக்கு மூன்று என்று போட்டு, முதல் நிலைக்கு ஒன்றே ஒன்று. புதுப் பட்டதாரிகளில் பெரும்பாலோர் அந்த முதல் நிலையில்தான் வருவார்கள். இதை நான் இனிப்புத் தடவிச் சொல்லப்போவதில்லை, உங்களைப் போன்றவர்களுக்கு இது பாதகம்.

இதில் ஒரு சின்னத் திறப்பு இருக்கிறது. நிலை என்பது ஊரோடு சேர்ந்தது. சான் ஹோசேயில் முதல் நிலையைத் தாண்டாத சம்பளம், நடு மாநிலங்களின் நடுத்தர நகரம் ஒன்றில் இரண்டாம் நிலையிலோ அதற்கு மேலோ போய் உட்காரும். இந்த நிலைகளைத் தொழிலாளர் துறை தொழில் வாரியாக, ஊர் வாரியாக வெளிப்படையாக வைத்திருக்கிறது. கொலம்பஸ், இண்டியானாபோலிஸ், டி மோயின் போன்ற ஊர்களைக் கேட்டு முகம் சுளிக்கும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கலிபோர்னியா வாடகையைக் கட்டிக்கொண்டு ஒற்றைச் சீட்டோடு நிற்பதைவிட, பனியில் இரண்டு சீட்டோடு நிற்பது மேல்.

2025 செப்டம்பரில் வந்த பிரகடனம், எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்பது, பற்றி உங்கள் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அது முக்கியமாக அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்குப் போடும் புதிய மனுக்களுக்கு. உள்ளேயே எஃப்-1-இல் இருந்து எச்-1பிக்கு நிலை மாற்றுவதற்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதமே குடியேற்றத் துறை விளக்கம் கொடுத்தது. சொல்லப்போனால் வெளிநாட்டில் இருந்து ஆள் எடுக்க நினைத்த நிறுவனத்துக்கு இப்போது உள்ளே படித்து முடித்த மாணவர் மலிவு. ஆனால் நிலை மாற்ற மனு நிலுவையில் இருக்கும்போது கல்யாணம், காரியம் என்று நாட்டை விட்டு வெளியே போய்விட்டால் அந்த மாற்றம் கைவிடப்பட்டதாகிவிடும். இந்த விதிகள் வருடத்துக்கு ஒரு முறை ஆடுகின்றன. அதனால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எந்த அடியும் வைக்காதீர்கள்.

வேலை எங்கே தேடுவது? எல்லோரும் ஐந்தாறு பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் வாசலில் நிற்கிறார்கள். 2022-க்குப் பிறகு அங்கே ஆட்குறைப்பு வந்து, வேலை இழந்த அனுபவசாலிகளும் அதே வரிசையில் இருக்கிறார்கள். இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் பட்டதாரிக்கு அது வலுவான இடமும் இல்லை, அங்கே கணினி அறிவியல் மாணவர்கள் முந்திவிடுவார்கள். உங்கள் இடம் வேறு. வங்கி, காப்பீடு, மருத்துவமனை, மின்வாரியம், பெரிய சில்லறை வணிகம் என்று, மென்பொருளை விற்காமல் மென்பொருளை வைத்துப் பிழைக்கும் நிறுவனங்கள். சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், டேட்டா அனலிஸ்ட், இ.ஆர்.பி. (நிறுவனத்தின் கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) வேலைகள், ஐ.டி. ஆடிட் எல்லாம் அங்கே. ஐ.டி. ஆடிட்டை மாணவர்கள் கண்டுகொள்வதே இல்லை. 2002-இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தால் பங்குச்சந்தையில் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் நிதி அறிக்கைக்குப் பின்னால் இருக்கும் கணினிக் கட்டுப்பாடுகளைச் சோதித்தாக வேண்டும். யாருக்கு எந்த அனுமதி இருக்கிறது, யார் மாற்றம் செய்தார், பேட்ச் விழுந்தால் யார் பார்த்தார் என்பதுதான் அந்தச் சோதனை. மூன்றரை வருடம் வங்கி சப்போர்ட்டில் இருந்தவருக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

இன்னொரு வாசல் பல்கலைக்கழகங்களும், அவற்றோடு இணைந்த லாப நோக்கமில்லாத மருத்துவமனைகளும். இவற்றுக்கு எச்-1பி உச்சவரம்பே கிடையாது. குலுக்கல் இல்லை, மார்ச் வரை காத்திருக்கவும் வேண்டாம். சம்பளம் கொஞ்சம் கம்மி, வேலை மெதுவாக நகரும். அங்கேயிருந்து தனியார் நிறுவனத்துக்கு மாறினால் குலுக்கலில் நிற்க வேண்டிவரும். ஆனாலும் மூன்று மார்ச்சும் கைவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு நான் அறிந்த நல்ல மருந்து இதுதான். மத்திய அரசு வேலைகளையும் பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனங்களையும் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், அங்கே பெரும்பாலும் குடியுரிமை கேட்பார்கள்.

எந்த நிறுவனம் விசாவுக்கு மனு போடுகிறது என்பது ரகசியம் இல்லை. எச்-1பி தரவுகளைக் குடியேற்றத் துறையே நிறுவன வாரியாக வெளியிடுகிறது. உங்கள் கல்லூரி இருக்கும் மாநிலத்தை மட்டும் வடிகட்டி, பெயர் கேள்விப்படாத நிறுவனங்களாகப் பார்த்து ஒரு ஐம்பது எடுத்து வையுங்கள். விமானம் ஏறும் முன் செய்யக்கூடிய வேலை இது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: இப்போதோ பின்னாளிலோ உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் (நிறுவனம் உங்களுக்காக மனு போடுவது) தேவைப்படுமா? ஓ.பி.டி.க்கு யாரும் ஸ்பான்சர் செய்ய வேண்டாமே என்று "இல்லை" போடச் சொல்லி சீனியர்கள் யோசனை சொல்வார்கள். "பின்னாளிலோ" என்ற சொல் அதில் சும்மா இல்லை. ஒருவர் இப்படி "இல்லை" என்று போட்டு எங்கள் மூன்றாம் சுற்று வரை வந்தார். ஆஃபர் எழுதும்போது உண்மை தெரிந்தது. அந்தப் பதவிக்கு ஸ்பான்சர் செய்ய எங்களுக்குத் தடையே இல்லை. ஆனால் முதல் பக்கத்தில் பொய் சொன்னவரிடம் நோயாளிகளின் தரவைக் கொடுக்க என் மேலாளருக்கு மனம் வரவில்லை. நானும் அவருக்காக வாதாடவில்லை.

ஓ.பி.டி. தேதியில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்பதை, முடிந்த 60 நாளுக்குள், நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தொடங்கிய பிறகு மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. நான் 2008 ஆகஸ்ட்டில் முடித்தேன். ஆர்வக்கோளாறில் மறுநாளே தொடக்கத் தேதி போட்டேன், கையில் ஆஃபர் எதுவும் இல்லாமல். செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்தது. பேசிக்கொண்டிருந்த இரண்டு நிறுவனமும் ஆள் எடுப்பதை நிறுத்தின. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காலண்டர் ஒட்டி நாளை அடித்துக்கொண்டே வந்தேன். வேலை கிடைத்தது 81-ஆம் நாள். தொடக்கத்தை இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் அப்படி நாள் எண்ணவே வேண்டியிருந்திருக்காது. (அப்போது ஸ்டெம் நீட்டிப்பு 17 மாதம்தான், 2016-இல்தான் 24 ஆனது. இன்னொரு வேடிக்கை: 2009-இல் வேலைகள் இல்லாததால் எச்-1பி இடங்கள் டிசம்பர் வரை நிரம்பவில்லை. குலுக்கலே இல்லாமல் எனக்கு விசா வந்தது.) ஆஃபர் கையில் இருந்தால் சேரும் தேதியைப் போடுங்கள். இல்லையென்றால் தள்ளியே போடுங்கள். ஸ்டெம் நீட்டிப்புக்கு நிறுவனம் இ-வெரிஃபை என்ற அரசுச் சரிபார்ப்பு முறையில் பதிவு செய்திருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வருடம் சின்ன நிறுவனத்தில் சேர்வதானால் இதைச் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

நாள் எண்ணும் அந்தக் காலத்தில்தான் ஏமாற்று ஏஜென்சிகளிடம் இருந்து போன் வரும். ரெஸ்யூமேயில் ஏழு வருட அனுபவம் போட்டுத் தருகிறோம், நேர்காணலுக்கு வேறு ஆள் பேசுவார், பயிற்சிக்கு இவ்வளவு கட்டுங்கள் என்பார்கள். அன்றைக்கு அது உதவி மாதிரிதான் தெரியும். பிற்பாடு எச்-1பியிலோ கிரீன் கார்டிலோ, அந்த மாதங்களில் எங்கே, யாருக்கு, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அவர்கள் அல்ல. சேர்ந்த முதல் நாளே சி.பி.டி. தருகிறோம் என்று கூப்பிடும் கல்லூரிகளிடமும் எச்சரிக்கை வேண்டும். 2019-இல் வெளிச்சத்துக்கு வந்த ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம், குடியேற்ற அதிகாரிகளே மிச்சிகனில் வலை விரிப்பதற்காக நடத்திய போலி. அதில் சேர்ந்து மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். தரவுத்தளத்திடம் எஸ்.க்யூ.எல். மொழியில் க்வெரி, அதாவது கேள்வி, எழுதி ரிப்போர்ட் தருவது மட்டும் வேலை என்று இருந்த தொடக்க நிலைப் பதவிகள் எங்கள் குழுவிலேயே குறைந்துவிட்டன. க்வெரியைக் கருவி எழுதிவிடுகிறது. அது தந்த எண் தப்பு என்று சொல்லத் தெரிந்தவர்தான் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நண்பர்கள் "போகாதே" என்பதை முழுக்கத் தள்ளமாட்டேன். கடனை இப்படிப் போட்டுப் பாருங்கள்: மூன்று வருடம் வேலை பார்த்து, விசா கிடைக்காமல் திரும்ப வேண்டியிருந்தால், அதற்குள் அடைக்க முடிகிற கடனா? ஆமாம் என்றால் போங்கள். குறியீடு ஸ்டெம் இல்லை என்று பதில் வந்தால் மூன்று என்பது ஒன்றாகிவிடும். அந்தக் கணக்கில் எந்த நடுத்தர வீட்டுப் பிள்ளையையும் நான் கடன் வாங்கிப் போகச் சொல்லமாட்டேன், கல்லூரி எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும். முதல் வேலை பட்டம் வாங்கி நாலைந்து மாதம் கழித்து வரலாம் என்று வைத்து, அந்த மாதங்களுக்கான வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

கணக்குப் போடும்போது உங்கள் மனைவியின் சம்பளத்தைச் சேர்த்திருந்தால் அதை அடித்துவிடுங்கள். எஃப்-1 மாணவரின் துணைவருக்கான எஃப்-2 விசாவில் வருபவர் வேலை பார்க்க முடியாது, முழுநேரப் பட்டப்படிப்பிலும் சேர முடியாது. நீங்கள் எச்-1பிக்கு மாறினால் அவர் எச்-4 என்ற துணைவர் விசாவுக்கு மாறுவார், அப்போதும் உங்கள் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டினால்தான் அவருக்கு வேலை அனுமதி கிடைக்கும். நல்ல வேலையில் இருப்பவர் என்றால், முதல் 16 மாதம் அவர் ஊரிலேயே இருந்து சம்பாதிப்பதா, கூட வந்து காத்திருப்பதா என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். இந்தக் கடிதத்தை அவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.